ஜாமீன்தாரரை விலைக்குத் தேட வேண்டாம்

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

சிறையில் இருக்கும் உறவினரை ஜாமீனில் எடுப்பது பற்றிக் காவிரிப் படுகை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்கள் அவர்களுடைய நலன் கருதித் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் நடந்த அடிதடி வழக்கில் என் தம்பி கைதாகித் திருச்சி மத்திய சிறையில் இருக்கிறான். தஞ்சாவூர் அமர்வு நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்துப் பத்து நாள்கள் ஆகிவிட்டன. தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு பேர் ஜாமீன் கொடுக்க வேண்டும், அவர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவில் இருக்கிறது. எங்கள் சொந்தக்காரர்கள் கோர்ட் என்றாலே ஒதுங்கிப் போகிறார்கள். நீதிமன்ற வாசலில் ஒருவர், "ஆளுக்கு 8,000 கொடுங்கள், இரண்டு ஷூரிட்டியையும் நானே கொண்டுவந்து நிறுத்துகிறேன்" என்கிறார். அவரை நம்பலாமா? நம்பிக்கையான ஜாமீன்தாரர்களை எங்கே தேடுவது?
— ஒரு சகோதரி, பாபநாசம் வட்டம்

பதில்: சகோதரி, உத்தரவு கையில் இருந்தும் தம்பி உள்ளேயே இருக்கும் வேதனையை, இந்த மாவட்டத்து நீதிமன்றங்களில் பல குடும்பங்களின் முகத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்த நபரிடம் பணம் கொடுக்காதீர்கள். அவரைவிட நாணயமான இன்னொரு தரகரையும் தேடாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்பது நம் நாட்டுச் சட்டம் ஏற்ற தொழில் அல்ல. அதற்கு உரிமம் இல்லை, நிர்ணயித்த கட்டணம் இல்லை, ஏமாற்றினால் புகார் கொடுக்க ஒரு வாரியமும் இல்லை. ஜாமீன்தாரருக்கு இழப்பீடு தருவதாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் பொதுநலனுக்கு விரோதமானது, அது செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவைக் காட்டி நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. ஆகவே, நாளை அவர் பணத்தோடு காணாமல் போனால் அதை வழக்குப் போட்டு வாங்குவதும் எளிதல்ல.

நீதிமன்றத்தில் நடப்பதைச் சொல்கிறேன். ஜாமீன்தாரர் கூண்டருகே வந்து நின்றதும் நடுவர் அவருடைய ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். கைதி உங்களுக்கு என்ன உறவு, அவருடைய அப்பா பெயர் என்ன, எந்தத் தெரு, என்ன வழக்கு என்று வரிசையாகக் கேட்கும்போது, பையனுக்குப் பெரியப்பா முறை என்று வந்து நின்றவருக்குப் பையனின் தகப்பன் பெயர் வாயில் வருவதில்லை. அங்கேயே மனு திருப்பப்படும். இன்னொரு தடையும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 486-வது பிரிவின்படி, ஒவ்வொரு ஜாமீன்தாரரும் தாம் ஏற்கெனவே எத்தனை பேருக்கு ஜாமீன் நிற்கிறார் என்பதை விவரங்களோடு எழுதிக் கொடுக்க வேண்டும். இதையே பிழைப்பாக வைத்திருப்பவர் உண்மையை எழுதினால் நிராகரிக்கப்படுவார். பொய் எழுதினால் குற்றவாளி ஆவார். போலி வரி ரசீதோ வேறொருவர் ஆதாரோ பிடிபட்டால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 242-வது பிரிவின்படி ஆள்மாறாட்டத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். போலி ஆவணத்துக்குத் தனி வழக்கு வரும். அந்த விசாரணையில், அவரை ஏற்பாடு செய்தவர் யார் என்று உங்கள் வீட்டு வாசலுக்கும் காவல்துறை வரும். தம்பியின் ஜாமீனே கேள்விக்குள்ளாகலாம்.

உங்கள் உறவினர்கள் ஒதுங்குவதற்குப் பெரும்பாலும் ஒரு தவறான எண்ணமே காரணமாக இருக்கும். 10,000 ரூபாய் ஜாமீன் என்றால் அந்தப் பணத்தை அன்றைக்கே நீதிமன்றத்தில் கட்ட வேண்டும் என்று கிராமத்தில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தம்பி வாய்தாக்களுக்கு ஒழுங்காக வருவான், வராவிட்டால் அந்தத் தொகைக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பதுதான் ஜாமீன் பத்திரம். தம்பி ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் வரை ஜாமீன்தாரர் கையிலிருந்து ஒரு ரூபாயும் போகாது. இதை உறவினர்களை உட்கார வைத்து நிதானமாகச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் வழக்கறிஞரையே அவர்களிடம் பேசச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. ரத்த உறவு ஒருவர் வேண்டும் என்கிறீர்கள்; உடன்பிறந்த அக்காவைவிட நெருங்கிய ரத்த உறவு யார்? பெண்கள் ஜாமீன் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவர் என்பதும் தடை அல்ல. உறவைக் காட்டப் பழைய குடும்ப அட்டையோ, இருவரின் தகப்பன் பெயரும் உள்ள பள்ளிச் சான்றிதழ்களோ போதும். உங்கள் பெயரில் வீட்டு வரி ரசீது இருந்தால் அது, இல்லையென்றால் உங்கள் பெயரில் உள்ள ஸ்கூட்டியின் ஆர்.சி. புத்தகம், சம்பளக்காரர் என்றால் சம்பளச் சான்று என ஏதாவது ஒன்றோடு, ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தக நகல், பாஸ்போர்ட் அளவு புகைப்படங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு செல்லுங்கள். புகைப்படத்தை ஒட்டி இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கச் சொல்வார்கள். சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் உத்தரவுகளில் வழக்கமாகச் சேர்க்கும் நிபந்தனை அது, கண்டு அஞ்ச வேண்டாம். சில நீதிமன்றங்களில் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் கேட்பார்கள். எது வேண்டும் என்பதை முதல் நாளே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டால் இரண்டு முறை அலைய வேண்டியிராது. உத்தரவைப் பிறப்பித்தது அமர்வு நீதிமன்றம் என்றாலும், ஜாமீன்தாரர்களை எந்த நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது உத்தரவிலேயே எழுதியிருக்கும்; அந்த வரியைப் படிக்காமல் தஞ்சாவூருக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு.

இரண்டாவது ஜாமீன்தாரர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. தம்பி வேலை பார்த்த மில்லின் முதலாளி, பள்ளி ஆசிரியர், அடுத்த வீட்டுக்காரர் என அவனை அறிந்த யாராக இருந்தாலும் போதும். அவன் எங்கே இருக்கிறான் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் சொன்னால் அவன் கேட்க வேண்டும். நம்பிக்கையான ஜாமீன்தாரர் என்றால் நான் புரிந்துகொள்வது இப்படிப்பட்டவரைத்தான்.

அப்படியும் ஆள் அமையவில்லை என்றால் தம்பி உள்ளேயே கிடக்க வேண்டும் என்பது சட்டம் அல்ல. ஜாமீன் கிடைத்தும் சிறையில் இருப்பவர்கள் பற்றி உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்கள் கொடுத்தது. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாள்களுக்குள் கைதி வெளியே வராவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாமல் போனால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உங்கள் தம்பிக்குப் பத்து நாள்கள் ஆகிவிட்டதால் நீங்கள் இப்போதே தஞ்சாவூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய், உத்தரவு நகலைக் காட்டி எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். சிறையில் இருக்கும் எவருக்கும், அவருடைய வருமானம் எவ்வளவு என்று பாராமல், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு இலவச வழக்கறிஞரை உரிமையாகத் தருகிறது. நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

அந்த வழக்கறிஞர் இரண்டு வழிகளில் மனுப் போடலாம். ஜாமீன்தாரரை ஒருவராகக் குறைக்கவோ ஜாமீன்தாரரே இல்லாமல் தம்பியின் சொந்தப் பிணையிலேயே விடவோ கேட்டு, உத்தரவிட்ட அமர்வு நீதிமன்றத்தில் நிபந்தனைத் தளர்வு மனு போடுவது ஒன்று. ஜாமீன் தொகை மிகையாக இருக்கக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 484-வது பிரிவே சொல்கிறது. ஆள் ஜாமீனுக்குப் பதிலாகக் குறிப்பிட்ட தொகையை நீதிமன்றத்தில் ரொக்கமாகக் கட்ட 490-வது பிரிவின்படி அனுமதி கேட்பது மற்றொன்று. தரகருக்குக் கொடுக்கவிருந்த 16,000 ரூபாய் போனால் போனதுதான். நீதிமன்றத்தில் கட்டும் பணத்துக்கு ரசீது உண்டு. தம்பி ஒழுங்காக வந்தால் வழக்கு முடிந்ததும் அது திரும்பக் கிடைக்கும். அந்தப் பணமும் இல்லாத குடும்பங்களுக்காக 2023-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தில், விசாரணைக் கைதியின் ஜாமீன் தொகையை ஒரு வரம்பு வரை அரசே கட்ட வழி இருக்கிறது. ஊழல், போதைப்பொருள், பணமோசடித் தடுப்புச் சட்டம் போன்ற வழக்குகளுக்கு அது பொருந்தாது. உங்கள் தம்பியின் வழக்கு அவற்றில் ஒன்று அல்ல. இதற்கும் விண்ணப்பிக்க வேண்டிய இடம் அதே ஆணைக்குழுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசலில் நிற்பவரைப் போன்ற ஆளை உங்கள் வழக்கறிஞரோ அவருடைய குமாஸ்தாவோ அறிமுகப்படுத்தினாலும் என் பதில் மாறாது. "என் குடும்பத்திலிருந்தே ஆளைக் கொண்டுவருகிறேன், அதுவரை தளர்வு மனுவைப் போடுங்கள்" என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

கேள்வி: என் அண்ணன் மகனுக்குத் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு வழக்கில் ஜாமீன் கிடைத்திருக்கிறது. நான் ஜாமீன் நிற்கத் தயார். ஆனால், நான் பயிரிடுவது கோயில் நிலம், குத்தகைதான். வீடும் கோயில் அடிமனையில் இருக்கிறது. "பட்டா இல்லாதவர் ஜாமீன் நிற்க முடியாது, அதுவும் வெளி மாவட்டத்துக்காரர் ஆகவே ஆகாது" என்று பக்கத்தில் சொல்கிறார்கள். உண்மையா?
— ஒரு விவசாயி, திருவாரூர் மாவட்டம்

பதில்: ஐயா, இரண்டுமே உண்மை அல்ல. இருந்தாலும், அப்படிச் சொல்பவர்கள் நடைமுறையில் கண்டதைத்தான் சொல்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோயில்களும் மடங்களும் நிலவுடைமையாளர்களாக இருக்கும் இந்தப் படுகையில், மூன்று தலைமுறையாக ஒரே வயலில் உழுதவர் பெயரில்கூடச் சிட்டா இராது. பட்டாவையே ஜாமீன்தாரரின் தகுதி என்று கொண்டால், ஊரிலேயே நிலையாக வேரூன்றியவர்கள் தகுதியற்றவர்களாகவும், பட்டா மட்டும் இங்கே வைத்துக்கொண்டு வெளியூரில் இருப்பவர் தகுதியானவராகவும் ஆகிவிடுவார். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 485-வது பிரிவு, ஜாமீன்தாரர் தகுதியானவரா, அவருடைய வசதி போதுமானதா என்று மட்டுமே பார்க்கச் சொல்கிறது. அதற்கு ஆதாரமாகப் பிரமாணப் பத்திரத்தை நீதிமன்றம் ஏற்கலாம், தேவைப்பட்டால் விசாரித்தும் பார்க்கலாம். நிலப் பத்திரம் என்ற சொல் அங்கே எங்கும் இல்லை.

ஆகவே, உங்களிடம் இருப்பதைக் கொண்டு செல்லுங்கள். டிராக்டரோ மோட்டார் சைக்கிளோ உங்கள் பெயரில் இருந்தால் ஆர்.சி. புத்தகம், வங்கியில் வைப்புத்தொகை இருந்தால் அதன் ரசீது ஆகியவை சொத்துக்கு ஆதாரம். குத்தகைப் பதிவும் கோயிலுக்குச் செலுத்திய குத்தகை ரசீதுகளும் சொத்துக்கு ஆதாரம் ஆகாவிட்டாலும், நீங்கள் நிலையாக ஓரிடத்தில் வாழ்ந்து தொழில் செய்பவர் என்பதற்கு நல்ல ஆதாரம். அவற்றையும் பிரமாணப் பத்திரத்தோடு இணையுங்கள். வீட்டு வரி ரசீது இன்னும் காலமான அப்பா பெயரிலேயே வருகிறது என்றால் அதை ஏற்க மறுப்பார்கள். ஊராட்சியில் பெயர் மாற்றம் செய்ய எந்த வழக்குக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, அது எல்லாக் குடும்பமும் முன்கூட்டியே செய்ய வேண்டிய காரியம்.

வெளி மாவட்டம் என்ற தடையை உச்ச நீதிமன்றம் 1978-இலேயே அகற்றிவிட்டது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோத்தி ராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட நடுவர், அவருடைய உடன்பிறந்தவர் ஜாமீன் நிற்க வந்தபோது அவரும் அவருடைய சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த மறுப்பைக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்தப் பிணையிலேயே அவரை விடுவிக்கச் சொன்னார். ஓர் ஏழையிடம் அவனால் கொடுக்க முடியாத ஜாமீனைக் கேட்பது ஜாமீனை மறுப்பதற்குச் சமம் என்ற பார்வை அந்தத் தீர்ப்பு முழுவதும் இருக்கிறது. 2023 வழிகாட்டுதல்களிலும் உள்ளூர் ஜாமீன்தாரரே வேண்டும் என்ற நிபந்தனை விடுதலையைத் தாமதப்படுத்துகிறது என்று உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியிருக்கிறது. உங்கள் திருவாரூர் 1997-இல் தனி மாவட்டம் ஆனது. மயிலாடுதுறை 2020-இல்தான் ஆனது. ஒரு காலத்தில் ஒரே தஞ்சாவூர் மாவட்டமாக இருந்த ஊர்களுக்கு இடையே, இன்று ஒரு கோட்டைப் போட்டுச் சித்தப்பாவை அந்நியர் ஆக்குவது நியாயம் ஆகாது. நடுவர் மறுத்தால், காரணத்தை எழுத்தில் பெற்று மேலே போகச் சொல்லுங்கள். உயர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தால், தஞ்சாவூர் வழக்குகள் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வழக்குகள் சென்னைக்கும் போகும் என்பதை நினைவில் வையுங்கள். இது தஞ்சாவூர் வழக்கு என்பதால் மதுரைதான்.

கேள்வி: என் அக்கா மகன் அமெரிக்காவில், கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறான். ஒரு குடும்பத் தகராறில் கைது செய்துவிட்டார்கள். 25,000 டாலர் ஜாமீன் என்கிறார்கள். அங்கே இதற்கென்றே ஏஜென்ட்டுகள் இருக்கிறார்களாமே, நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கிருந்து பணம் அனுப்பலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் தொழில் நம் ஊரில் இல்லாவிட்டாலும் அங்கே சட்டப்படியே நடக்கிறது. ஆனாலும் எல்லா மாநிலங்களிலும் இல்லை. இல்லினாய்ஸ், கென்டக்கி, ஓரிகன், விஸ்கான்சின் ஆகியவற்றில் வணிக முறை ஜாமீனுக்கு இடம் கிடையாது. கலிபோர்னியாவில் உண்டு. அங்கே ஜாமீன் ஏஜென்ட் மாநிலக் காப்பீட்டுத் துறையின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்தத் துறையின் இணையதளத்தில் பெயரையோ உரிம எண்ணையோ கொடுத்து, உரிமம் நடப்பில் உள்ளதா என்று நீங்கள் இங்கிருந்தே பார்க்கலாம். உரிம எண்ணைத் தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

வழக்கமான கட்டணம் ஜாமீன் தொகையில் 10 விழுக்காடு, உங்கள் மருமகன் விஷயத்தில் 2,500 டாலர். வழக்கு மறுநாளே தள்ளுபடி ஆனாலும் அது திரும்ப வராது. மாறாக, முழுத் தொகையையும் நேரடியாகக் கட்ட முடிந்தால், அவன் எல்லா வாய்தாவுக்கும் ஆஜரானபின் அது திரும்பக் கிடைக்கும். ஏஜென்ட் வழியில் போனால், உடன் கையெழுத்திடும் நண்பர் முழு 25,000 டாலருக்கும் பொறுப்பாளி ஆகிறார் என்பதை அந்த நண்பருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஈடாக எதையாவது வாங்கினால் அதற்கு ரசீதும், அது எப்போது திரும்ப வரும் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

எனினும், ஏஜென்ட்டுக்கு முன்னால் வழக்கறிஞரைத் தேடுங்கள் என்பதே என் ஆலோசனை. கைதானவரை ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது கலிபோர்னியாச் சட்டம். அந்த முதல் நாளிலேயே தொகையைக் குறைக்கவோ, பணமில்லாமல் சொந்த உறுதிமொழியில் விடவோ வழக்கறிஞர் கேட்கலாம். அவசரப்பட்டு முதல் நாள் இரவே கட்டிய கட்டணம் பிறகு வீணாகிவிடும். அவன் விசாவில் இருப்பவன் என்றால் இன்னொரு கவலையும் உண்டு: ஜாமீன் கட்டியபின் குடிவரவுத் துறை அவனைத் தன் காவலுக்கு மாற்றிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறதா என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் எந்தப் பணமும் கட்ட வேண்டாம். கைதான வெளிநாட்டவர் தம் நாட்டுத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் கொடுக்கச் சொல்லும் உரிமை 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவில் இருக்கிறது. அவன் அதைக் கேட்கலாம். நீங்களும் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு எழுதலாம்.

பணத்தைப் பற்றி ஒன்று. "உங்கள் பையன் சிறையில் இருக்கிறான், உடனே அனுப்புங்கள்" என்று தொலைபேசியில் வரும் குரலை நம்பி, கிஃப்ட் கார்டாகவோ முன்பின் தெரியாத கணக்குக்கோ பணம் அனுப்பி இழந்தவர்கள் ஏராளம். அவன் எந்தச் சிறையில் இருக்கிறான், பதிவு எண் என்ன என்பதை அந்தக் கவுன்டியின் (நம் மாவட்டம் போன்றது) ஷெரிஃப் அலுவலகத்தில் சரிபார்த்தபின் அனுப்புங்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இந்தப் பகுதியில் அதிகம் என்பதால் அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே அமெரிக்காவைப் போன்ற ஏஜென்ட் முறை இல்லை. 21 வயது நிரம்பிய குடிமகனோ நிரந்தரவாசியோதான் ஜாமீன் நிற்க முடியும்.

கேள்வி: அடுத்த வீட்டுப் பையனுக்கு ஜாமீன் நிற்கச் சொல்லிக் கேட்கிறார்கள். கூடப் பழகியவர்கள், மறுக்கவும் மனமில்லை. ஆனால், அவன் ஓடிவிட்டால் என் வீட்டை ஜப்தி செய்வார்களா?
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: ஐயா, நின்று கொடுக்க நினைக்கும் உங்கள் மனத்தை மதிக்கிறேன், பயத்திலும் அர்த்தம் இருக்கிறது. பையன் ஆஜராகாமல் போனால் முதலில் அவனுக்குப் பிடியாணை பிறக்கும். பத்திரத் தொகையை ஏன் வசூலிக்கக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 491-வது பிரிவின்படி உங்களுக்கு நோட்டீஸ் வரும். நோட்டீஸ் வந்த அன்றே ஒரு வழக்கறிஞரோடு போய்க் காரணம் சொல்லுங்கள், பையனைக் கண்டுபிடிக்க உதவுங்கள். தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது; நோட்டீஸை வாங்காமல் ஒளிபவர்களுக்கு அந்தச் சலுகை கிடைப்பது அரிது. உங்கள் பொறுப்பு பத்திரத்தில் எழுதிய தொகை வரைதான். அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை. ஆனால், அந்தத் தொகையைக் கட்டாமல், வசூலிக்கவும் முடியாமல் போனால், உரிமையியல் சிறையில் ஆறு மாதம் வரை வைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே, அந்தத் தொகை போனால் தாங்குமா என்று வீட்டில் கலந்து பேசியபின் கையெழுத்திடுங்கள்.

கையெழுத்திட்டால் பத்திரத்தின் நகலும் வழக்கு எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் தனி அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும். அதற்கு முதல் நாள் பையனுக்கு ஒரு போன் போட்டு நினைவூட்டுங்கள். அவன் போக்குச் சரியில்லை, ஊரைவிட்டுப் போகப் பார்க்கிறான் என்று தெரிந்தால், ஓடும்வரை காத்திருக்க வேண்டாம். 489-வது பிரிவின்படி, என்னை ஜாமீனிலிருந்து விடுவியுங்கள் என்று எந்த நேரத்திலும் நீங்கள் மனுப் போடலாம். நீதிமன்றம் அவனை வரவழைத்து, உங்களை விடுவித்து, வேறு ஜாமீன்தாரரைக் கொண்டுவரச் சொல்லும். அவனுடைய அப்பாவிடம் இதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது. பிறகு மனஸ்தாபம் வராது.

கேள்வி: வழக்கு முடிந்து மகன் விடுதலை ஆகிவிட்டான். ஜாமீனுக்குக் கொடுத்த ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டால், இன்னும் ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள். இது முறையா?
— ஒரு தாய், மன்னார்குடி

பதில்: அம்மா, முறைதான். விசாரணை முடியும் தறுவாயில், மேல்முறையீடு வந்தால் மேல் நீதிமன்றத்தில் ஆஜராவேன் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 481-வது பிரிவின்படி ஒரு பத்திரம் வாங்குவார்கள். அது ஆறு மாதம் நடப்பில் இருக்கும். அந்தப் பத்திரத்தோடு புத்தகத்தையும் சேர்த்து வைத்திருப்பார்கள். ஆறு மாதம் முடிந்ததும் தீர்ப்பு நகலை இணைத்து, ஆவணத்தைத் திருப்பிக் கேட்டு அதே நீதிமன்றத்தில் மனுக் கொடுங்கள். அதற்குள் வண்டியை விற்க வேண்டிய அவசியம் வந்தால், அதற்கு ஈடாக வேறொரு ஆவணத்தைக் கொடுத்துப் புத்தகத்தை மாற்றி வாங்கவும் மனுப் போடலாம்.